கதியால்

எங்கள் வளவின் வடக்கு எல்லையில் 11 பூவரசுகள் நிற்கின்றன. அவற்றை நட்டவர் என் ஆச்சி, அம்மாவின் அம்மா. 1990 ஆனி மாதத்தில் போரால் நாங்கள் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோது அவை வெறும் வேலிக் கதியால்கள். வேலிக்கு மேலே வளர விடமாட்டோம். ஆண்டுதோறும் தலையை வெட்டி, குழையை ஆட்டுக்குப் போட்டு, தடியை அடுப்புக்கு எடுத்துவிடுவோம். 25 ஆண்டுகள் கழித்து, 2015 இல், படையினர் வசமிருந்த காணி விடப்பட்டது என்று கேள்விப்பட்டு மகளோடு போய் நின்றேன். ஒழுங்கை இல்லை. வீட்டுக்குக் கூரை இல்லை, சுவரிலும் பாதி இல்லை. தெருப்பக்கம் ஐயா, என் அப்பா, பெருமையோடு கட்டிய மதில் இருந்த இடத்தில் ஒரு கல்லும் இல்லை. கிணற்றைத் தேடவே பயமாக இருந்தது. பற்றைக்குள் கால் வைத்தால் உள்ளே விழுந்துவிடலாம். இது எங்கள் வளவா, பக்கத்து வளவா என்று தெரியாமல் நின்றபோதுதான் அந்த வரிசை கண்ணில் பட்டது. பெரிய பெரிய பூவரசுகள், நூல் பிடித்தாற்போல ஒரே நேர்கோட்டில். பற்றைக்காட்டில் மரங்கள் வரிசையில் முளைப்பதில்லை. "இதுதான் எங்கடை வேலி" என்றேன். கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்கு விளங்கவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்தது மரங்கள்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு குடியிருப்பு வளவில் மரம் வைப்பது எங்கே தொடங்கும் என்று யாரும் கேட்டால், முற்றத்தில் அல்ல, எல்லையில் என்று சொல்வேன். மாவும் பலாவும் தென்னையும் பிறகு வந்தவை. முதலில் மண்ணுக்குள் இறங்கியது கதியால். மரம் வைப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கறுத்தக்கொழும்பான் மாவைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், கிளுவையைப் பற்றி எழுத ஆளில்லை. அந்தக் குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த வேலி இல்லையென்றால் எங்கள் மண்ணில் மற்ற மரங்கள் நின்றிருக்க மாட்டா.

கதியால் என்பது வேரில்லாத ஒரு தடி. உயிருள்ள மரத்தின் கிளையை ஆள் உயரத்துக்கு வெட்டி நட்டால் அதுவே துளிர்த்து மரமாகும். இப்படிப் பிழைக்கும் மரங்கள் எல்லாம் வேலிக்கு ஆகா. ஆச்சி மூன்றைத்தான் நம்பினார்: கிளுவை, பூவரசு, முள்முருக்கு. கிளுவை மெதுவாக வளரும், பட்டை தாள் தாளாக உரியும், வெயிலுக்கு அசையாது. பூவரசு விரைவாகப் பருக்கும், தண்ணீர் இல்லாத கோடையிலும் இலை தாங்கும், அதன் தடி மண்வெட்டிப் பிடிக்கு ஆகும். முள்முருக்கில் முள் உண்டு, மாசி பங்குனியில் இலை உதிர்த்துச் செக்கச் செவேலென்று பூக்கும், இலையை அரைத்து மருந்துக்கு எடுப்பார்கள். நான்காவதாகச் சீமைக்கிளுவையும் பின்னாளில் வந்து சேர்ந்தது. அதன் சொந்த ஊர் மத்திய அமெரிக்கா. கொக்கோவுக்கும் தேயிலைக்கும் நிழல் தரவும் பசளைக்கும் என்று உலகம் சுற்றிய மரம் அது. குத்தினால் முளைக்கும் என்பதால் எங்கள் ஒழுங்கைகளுக்குள்ளும் வந்துவிட்டது. ஆச்சி அதற்குக் கடைசிவரை வடக்கு வேலியில் இடம் கொடுக்கவில்லை. "அது வந்த மரம். காத்துக்கு முறியும்" என்பார். கிணற்றடிப் பக்கத்து வேலியில் இரண்டு மூன்றை விட்டுவைத்தார், குழைக்காக.

கதியால் வெட்டுவதற்கும் நடுவதற்கும் முறை உண்டு. ஐப்பசியில் முதல் மழை இறங்கி, செம்பாட்டு மண் கையில் ஒட்டும் பதம் வந்த பிறகுதான் வெட்டு. கை மணிக்கட்டுப் பருமனுள்ள, நேரான, முற்றிய கிளை. இளங்கிளை வேர் விட முன் அழுகிவிடும். ஒரே வெட்டில் விழுத்த வேண்டும், பட்டை கிழியக் கூடாது. அடியைச் சாய்வாகச் சீவுவார்கள். இரண்டு மூன்று நாள் வேம்பின் நிழலில் சாத்தி வைப்பார்கள், வெட்டு வாய் காய. நடும்போது அலவாங்கால் குழி குத்தி, தடியை இறக்கி, சுற்றிவர மண்ணை மிதித்து இறுக்கி, மேல் வெட்டில் ஒரு பிடி சாணி அப்புவார்கள், தலை காய்ந்து போகாதிருக்க. எனக்கு ஏழெட்டு வயதில் தரப்பட்ட வேலை அந்தச் சாணி அப்புவதுதான். "பிள்ளை, மேல் எது அடி எது எண்டு பாத்துப் பிடி. தலைகீழா நட்டால் அது உன்னை மன்னிக்காது" என்பார் ஆச்சி. மழை நாள் முழுதும் கையில் சாணி மணக்கும். மார்கழி முடிவதற்குள் தடியின் உச்சியில் பச்சை முளை தெரியும். எந்தத் தடி முதலில் துளிர்க்கிறது என்று காலையில் போய் எண்ணிப் பார்ப்பேன்.

கதியால்கள் பிடித்தபிறகு அவற்றுக்குக் குறுக்கே வரிச்சுக் கட்டி, பனையோலையால் அடைத்தால் வேலி. தென்னோலைக் கிடுகால் அடைப்பவர்களும் உண்டு. தோட்டங்களுக்குக் கருக்குமட்டை வேலி, ஒதுக்குப்புறக் காணிகளுக்கு முள்ளுக் கொப்புகளை அடுக்கிய அலம்பல் வேலி. எங்கள் பக்கத்தில் பனை மிகுதி, ஆகவே ஓலைதான். ஓலை ஓரிரு மாரி தாங்கும். பிறகு உக்கிய ஓலையை இறக்கிப் புதிதாக அடைக்க வேண்டும். இறக்கிய ஓலையை யாரும் எரிக்கவில்லை. தோட்டத்தில் வெட்டித் தாழ்த்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை, கிணறுதான். வலிகாமத்துச் செம்பாட்டு மண் பார்வைக்கு வளமானது, ஆனால் ஆழமில்லை. சில இடங்களில் அலவாங்கு இரண்டடியில் கல்லில் இடிக்கும். அந்த மண்ணுக்கு உயிர் கொடுத்தது ஓலையும் குழையும் ஆட்டெருவும். மூன்றும் வேலியிலிருந்து வந்தவை. ஓலை வேலியில் இருந்து நேராகத் தோட்டத்துக்குப் போனது. கதியாலின் குழை ஒரு பங்கு நேராகவும் ஒரு பங்கு ஆட்டின் வயிற்றின் வழியாகவும் போனது. ஆச்சியின் புகையிலையும் வெங்காயமும் அந்த வேலியைத் தின்று வளர்ந்தவை.

இன்னொன்று, காற்று. வைகாசியில் தொடங்கும் சோளகம் ஆவணி புரட்டாதி வரை வீசும். மழை தராத காற்று. இளங்கன்றின் இலையை ஓரத்திலிருந்து கருக்கிவிடும். வேலிக்குள் இருந்த மாங்கன்று அதற்குத் தப்பும், வெளியில் நின்றது தப்பாது. வேலியோரம் நிழலும் ஈரமும் இருந்ததால் அங்கே யாரும் நடாதவை தாமே வந்து ஏறின: முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, முடக்கொத்தான், மொசுமொசுக்கை. தடிமன் காய்ச்சல் என்றால் ஆச்சி கடைக்குப் போவதில்லை, வேலிக்குப் போவார். முசுட்டையிலையைச் சுண்டி வறுத்தால் அன்றைய கறி ஒன்று குறைவில்லை.

எங்கள் காணி உறுதியில் ஒரு சொற்றொடர் உண்டு. எல்லைகளைச் சொல்லி, வீடு கிணறு சொல்லி, பிறகு "வான்பயிர் செய்பயிர்" என்று வரும். சிறுமியாக இருந்தபோது ஐயாவிடம் அர்த்தம் கேட்டேன். "வானம் வளர்த்தது ஒண்டு, கை வளர்த்தது ஒண்டு" என்றார். தானாக முளைத்ததையும் ஒருவர் நட்டு வளர்த்ததையும் இரண்டு பொருளாகப் பார்க்கும் இந்தப் பழக்கம் மிகப் பழையது. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1706 இல், ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் யாழ்ப்பாணத்து மக்களின் வழமைகளை எழுதித் தரும்படி கட்டளையிட்டார். எழுதியவர் கிளாஸ் ஐசாக்ஸ், யாழ்ப்பாணத்திலேயே 37 ஆண்டுகள் வாழ்ந்த அதிகாரி. 1707 தை மாதத்தில் அவர் முடித்துக் கொடுத்தார். தமிழில் பெயர்த்து, 12 முதலியார்கள் பார்த்துச் சரி என்று சொன்னபிறகே அது ஏற்கப்பட்டது. அதுதான் தேசவழமை. 1806 இல் ஆங்கிலேயரும் அதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் வடக்கில் காணியும் சீதனமும் முதுசமும் அதன்படிதான் பேசப்படுகின்றன.

சட்டம் படிக்கிறவர்கள் தேசவழமையில் சீதனத்தைத் தேடுவார்கள். நான் மரங்களைத் தேடினேன், கிடைத்தன. எல்லையோரம் ஒருவர் உழைத்து நட்ட மரம் வளர்ந்து அயலவரின் காணிக்குச் சாய்ந்தால் என்ன செய்வது என்று அதில் இருக்கிறது. சாய்ந்தாலும் பலன் நட்டவருக்கே. தன் நிலத்துக்கு மேலே தொங்குகிறது என்பதற்காக அயலவர் அதில் பங்கு கேட்க முடியாது. தானாக முளைத்த மரத்துக்கு இந்த வழக்கு அப்படியே பொருந்தாது, அதற்கு வேறு முறை. ஒருவரின் நிலத்தில் இன்னொருவர் தென்னை நட்டால், கன்று கொடுத்தது யார், நட்டுத் தண்ணீர் விட்டது யார் என்று பார்த்துப் பலனைப் பங்கிட வேண்டும். 300 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுத வேண்டி வந்திருக்கிறது என்றால், எத்தனை வளவுகளில் எத்தனை பேர் இதற்காக வாய்த்தர்க்கம் பட்டிருப்பார்கள்! இதில் என்னைத் தொட்டது ஒன்றுதான். நிலம் யாருடையது என்பதோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. யார் கை மண்ணில் பட்டது என்றும் கேட்டது.

வேலிச் சண்டைகளை நான் மறைக்க மாட்டேன். புது ஓலை அடைக்கும்போது கதியாலை ஒரு சாண் தள்ளிப் போட்டவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். கோடு ஏறி, காணியின் பெறுமதியைவிடக் கூடுதலாக வழக்குச் செலவு செய்து, பேச்சுவார்த்தை இல்லாமலே செத்துப்போன சகோதரர்களை எனக்குத் தெரியும். ஆனால் அதே வேலியில்தான் பொட்டு இருந்தது. பொட்டு என்றால் வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் இடைவெளி. அடைக்கும்போதே விடுவார்கள். எங்கள் வடக்கு வேலியின் பொட்டால் பக்கத்து வளவு மாமி நெருப்பு வாங்க வருவார், நான் தேசிக்காய் வாங்கப் போவேன், ஆச்சி சாகக் கிடந்தபோது இரவு முழுதும் ஆட்கள் அந்த வழியாகத்தான் வந்து போனார்கள். சண்டை வந்தால் பொட்டை அடைப்பார்கள். சமாதானம் வந்தால் ஓலையைப் பிரித்துவிடுவார்கள். படலையைப் பூட்டித் திறப்பதுபோல் அல்ல அது. ஊர் முழுவதும் பார்க்கும்.

வேலிக்கு உள்ளே மரம் வைத்த ஒழுங்கையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீடு வளவு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். ஆச்சிக்கு அவருடைய தாய் கொடுத்தது, ஆச்சி அம்மாவுக்குக் கொடுத்தது, அம்மா எனக்கு. ஐயா அந்த வளவுக்கு வந்து சேர்ந்தவர். ஆகவே எந்த மரத்தை யார் நட்டது என்ற கதை எங்கள் வீட்டில் தாய் வழியில் வந்தது. முன்வாசலின் வேம்பு பூட்டி நட்டது. கிணற்றடியில் கமுகும் வாழையும், குளிக்கிற தண்ணீர் வாய்க்காலால் போய் அவற்றுக்குப் பாயும்படி. தென்னை அதற்கு அடுத்து, மூன்றடிக் குழியில் பொச்சு அடுக்கி, ஈரம் காக்க. குசினிக்குப் பின்னால் கறிவேப்பிலை, தேசி, அகத்தி. மேற்கே, பின்னேர வெயில் வீட்டில் அடிக்காமல், மாவும் பலாவும். கிழக்கில் சாமிப் பூக்கள்: செவ்வரத்தை, நந்தியாவட்டை, தேமா. முருங்கையை முற்றத்தில் வைக்க ஆச்சி விடவில்லை. ஆகாது என்று சொல்வார்கள். அவர் சொன்ன காரணம் அதன் கொப்பு சொல்லாமல் முறியும், கீழே பிள்ளைகள் விளையாடும் என்பது. புளி வளவின் கோடிக்குப் போனது. பனையை யாரும் நடவில்லை. கிழங்குப் பாத்தியில் கிண்டாமல் விட்ட கொட்டை வடலியாகும், ஆணா பெண்ணா என்று அது பாளை விட்ட பிறகே தெரியும். பனை நடுகிறவர் தனக்கு நடுவதில்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிக நெருக்கமானது முள்முருக்கு. எங்கள் கலியாணங்களில் பொன்னுருக்கு நாளன்று கன்னிக்கால் ஊன்றுவார்கள். அது முள்முருக்குத் தடி. குழியில் நவதானியம் இட்டு, பால் விட்டு, வடகிழக்குப் பக்கம் நட்டு, மாவிலை கட்டி, வெள்ளைத் துணி சுற்றுவார்கள். சடங்கு முடிந்தபின் தண்ணீர் விட்டால் அது பிழைக்கும், பிழைப்பதை நல்ல குறி என்பார்கள். மறந்துவிடாதீர்கள், அதுவும் ஒரு கதியால்தான். எல்லையில் நட்டால் வேலி, முற்றத்தில் நட்டால் கலியாணம். 1949 இல் அம்மாவுக்கு ஊன்றிய தடி நான் பிறக்கும்போது ஏறக்கூடிய மரம். 1974 இல் எனக்கு ஊன்றிய தடி அந்த மரத்திலிருந்தே வெட்டியது. இரண்டிலிருந்தும் கொப்பு வெட்டி ஆச்சி கிழக்கு வேலியில் நட்டார். "உங்கடை கலியாணம் வேலியிலை நிக்கட்டும்" என்றார்.

அதே 1974 இல்தான் மதில் வந்தது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு, அதை ஐயாவின் மேல் மட்டும் போட முடியாது. எங்கள் ஊருக்கு அருகே காங்கேசன்துறையில் 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. எங்கள் மரங்களின் வேருக்குக் கீழே கிடந்த அதே சுண்ணாம்புக் கல்லை அகழ்ந்தெடுத்துத்தான் அங்கே சீமெந்து செய்தார்கள். 1970க்குப் பிறகு அரசாங்கம் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையில் அதுவரை காணாத பணம் புரண்டது. ஐயாவும் மிளகாய் போட்டார். மகளுக்குக் கலியாணம், மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், தெருப்பக்கம் ஓலை வேலி வடிவாக இராது என்றார். தெற்கு வேலியில் நின்ற கதியால்கள் அத்தனையையும் வேரோடு கிளப்பினார்கள். ஆச்சி அன்று வெளியே வரவில்லை. சாயந்தரம் கிளப்பிய கட்டைகளுக்குள் கிடந்த தூதுவளைக் கொடியைப் பிடுங்கி, வடக்கு வேலியோரம் கொண்டுபோய் ஊன்றினார்.

மதில் அழகாகத்தான் இருந்தது. நீல வண்ணம் பூசி, மேலே பூ அச்சுக் கல் வைத்தது. கலியாணப் படத்தில் எங்களுக்குப் பின்னால் அது தெரிகிறது. மற்ற மூன்று பக்கத்துக்கும் பணம் காணவில்லை. அதற்கு நான் இன்று எத்தனை நன்றி சொன்னாலும் தகும். பத்து ஆண்டுக்குள் ஒழுங்கை முழுதும் மதில் எழும்பியது. வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கியபின் இன்னும் வேகம். மதில் எழுந்த வளவுகளில் ஆடு குறைந்தது, ஏனென்றால் குழை இல்லை. ஆடு குறைந்த தோட்டங்களுக்கு யூரியா மூட்டை வந்தது. வேலியோரக் கொடிகளின் பெயர்கள் என் மாணவர்களுக்குத் தெரியாமல் போயின. நான் 1980களில் ஐந்தாம் வகுப்புக்குச் சுற்றாடல் பாடம் எடுத்தேன். முசுட்டையைக் காட்டினால் பெயர் சொல்ல 40 பேரில் மூன்று நான்கு பிள்ளைகள்தான் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஓலை வேலி வீட்டுப் பிள்ளைகள்.

பிறகு 1990. ஆடுகளை அவிழ்த்துவிட்டு, உறுதிகளைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தோம். சாவகச்சேரி, பருத்தித்துறை, கொழும்பு என்று மற்றவர்களின் வளவுகளில் 25 ஆண்டுகள். வாடகை வீட்டில் நட்டதெல்லாம் சாடியில்தான். ஆச்சி ஊரைவிட்டு வர முன்பே, 1983 இல், காலமாகிவிட்டார். அம்மா சாவகச்சேரியில் இறந்தார். கடைசி மாதங்களில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது வீட்டை அல்ல. "வேலி அடைச்சாச்சோ?" என்றுதான் கேட்டார்.

காணி திரும்பக் கிடைத்தபின், நில அளவையாளர் வந்தார். வரைபடம் இருந்தது, ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லைக்கல் ஒன்றும் அகப்படவில்லை. அந்த 11 பூவரசுகளின் கோட்டைப் பிடித்து அவர் அளக்கத் தொடங்கினார். கிழக்கே பற்றையை வெட்டியபோது முள்முருக்கு இரண்டு தெரிந்தன. முற்றத்தில் நின்ற என் கன்னிக்கால் மரமும் அம்மாவுடையதும் தடயமே இல்லாமல் போய்விட்டன. வேலியில் ஆச்சி நட்டவை மட்டும் நின்றன. எது அம்மாவின் கலியாணத்துடையது, எது என்னுடையது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே மரத்தின் உடல் என்பதால் பிரிக்கத் தேவையும் இல்லை. தெற்கே, மதில் நின்ற பக்கத்தில், அளவையாளர் சங்கிலியை மூன்று முறை மாற்றிப் பிடித்தார். ஒன்றரை அடியைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

2016 மாரியில் நான் பிழையொன்று செய்தேன். மீள்குடியேறியவர்களுக்கென்று கன்றுகள் கொடுத்தார்கள்: 12 தென்னம்பிள்ளை, நான்கு ஒட்டுமாங்கன்று. ஆசை பொறுக்கவில்லை. பற்றையை வெட்டிய கையோடு குழி வெட்டி எல்லாவற்றையும் நட்டுவிட்டேன். வேலி பிறகு போடலாம் என்றிருந்தேன். ஊர் காலியாகக் கிடந்த காலத்தில் பெருகிய கட்டாக்காலி மாடுகள் கூட்டம் கூட்டமாகத் திரிந்த நேரம் அது. தைப்பொங்கலுக்குள் 12 தென்னம்பிள்ளையில் 11 போயின. மாங்கன்றின் ஒட்டு முறிந்து கிடந்தது. மேற்கு வளவுப் பெரியவர், எண்பது கடந்தவர், பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேலி போடாமல் கண்டு வைக்கிறது, படலை இல்லாத வீட்டிலை உலை வைக்கிறது மாதிரி, ரீச்சர்." எனக்கு அழுகை வந்தது. மாட்டை நினைத்தல்ல. ஏழு வயதில் கையில் சாணியோடு நான் படித்த பாடத்தை 65 வயதில் மறந்திருந்தேன்.

அடுத்த ஐப்பசியில் எல்லையிலிருந்து தொடங்கினேன். வடக்குப் பூவரசுகளின் கொப்புகளை வெட்டி 70 கதியால். கிளுவை கிடைக்கவில்லை, அயலூர்க் கோயில் வளவொன்றில் நின்ற மரத்திலிருந்து கேட்டு வாங்கினேன். முள்முருக்குத் தடி ஆறு. தெருப்பக்கத்தில் மதில் போட மகன் கனடாவிலிருந்து காசு அனுப்புவதாகச் சொன்னான். அந்தக் காசில் கிணற்றைக் கட்டுவித்தேன். தெற்கிலும் கதியாலே நட்டேன், ஐயா கிளப்பிய அதே இடத்தில். 70இல் 52 துளிர்த்தன. ஓலை அடைக்க ஆள் கிடைப்பது கடினம், ஓலை கட்டத் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டு பேர்தான் மிச்சம். கூலி கேட்டால் தலை சுற்றும். ஆகவே இரண்டு பக்கத்துக்கு முள்ளுக்கம்பி இழுத்திருக்கிறேன், கதியாலை அதற்குத் தூணாக வைத்து. ஆச்சி ஏற்றுக்கொள்வாரோ தெரியாது. இரண்டு ஆண்டில் பூவரசு தழைத்தபின் கம்பி வெளியில் தெரியவில்லை. அதன்பிறகே தென்னை நட்டேன், அதன்பிறகே மா. இப்போது வேலியோரத்தில் முசுட்டை ஏறியிருக்கிறது. யாரும் நடவில்லை.

சென்ற ஐப்பசியில் வடக்கு வளவுக்கு ஒரு குடும்பம் வந்தது. பொட்டால் நெருப்பு வாங்க வந்த மாமியின் பேத்தி. திருச்சிப் பக்கத்து அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, கலியாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்தவள். அவள் பேச்சில் தமிழ்நாடு மணக்கும். "மரம் எல்லாம் எங்க வைக்கணும், என்னென்ன வைக்கணும், சொல்லுங்க அம்மா" என்று ஒரு கொப்பியோடு வந்து நின்றாள். மாங்கன்று வாங்கவா, சப்போட்டா வருமா என்று கேட்டாள். "கொப்பியை வை, கத்தி எடுத்துக்கொண்டு வா பிள்ளை" என்றேன்.

11 பூவரசிலும் கொப்பு வெட்டினோம். அவளுடைய மூத்தவன், எட்டு வயது, அலவாங்கைத் தூக்க முடியாமல் தூக்கினான். இளையவளுக்குச் சாணி. மழை தூறிக்கொண்டே இருந்தது. முதல் கதியாலுக்கு இடம் காட்டும்போது அவள், "உங்க மரத்தை ஒட்டியே வைச்சா எல்லை சரியா இருக்குமா?" என்று கேட்டாள். சரிதான், அப்படியே பிடித்துக்கொண்டு போ என்றேன். ஏழாவது பூவரசுக்கும் எட்டாவதுக்கும் இடையில் மகன் அலவாங்கை ஓங்கினான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அங்கே மட்டும் மூன்றடி விட்டு, அடுத்த குழியைக் குத்தச் சொன்னேன்.